நன்றிப் பட்டியலின் கடைசி வரி

படிப்பவர்களே, இந்த அநியாயத்துக்கு நீங்களே சாட்சி! சீர்திருத்தச் சங்கத் தலைவர் அறைக்குள் நடந்தபடியே சொல்லச் சொல்ல, ஒரு பெண்மணி மாநாட்டுத் துண்டறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"போடும்மா! கணவன் பெயரை மனைவிக்கு வாலாகக் கட்டும் வழக்கம் இன்றோடு ஒழிக!"

"போட்டாச்சு, தலைவரே. நன்றிப் பட்டியல்?"

"பந்தல்காரர், அச்சகத்தார், மைக்செட்காரர், எல்லார் பேரையும் போடு. மைக்செட்காரரை விட்டா, நான் பேசறப்போ ஒயரைப் பிடுங்கிடுவார்!"

பெண்மணி சற்றுத் தயங்கினார்.

"இத்தனை வருஷமா உங்க பேச்சையெல்லாம் திருத்தி டைப் பண்றது நான்தானே? என் பேரும் ஒரு தடவை அச்சுல வரட்டுமே."

தலைவர் பெருந்தன்மையோடு சிரித்தார்.

"அட, உன்னை மறப்பேனா? கடைசி வரியில போட்டுக்கோ, 'தலைவரின் துணைவியார்'னு."

இருபதாண்டு இல்லறம் பழக்கிய விரல்கள் அதையும் பிழையின்றித் தட்டி முடித்தன.

தோழர்களே, அந்தத் துண்டறிக்கை நாளை மாநாட்டில் உங்கள் கைக்கு வரும். முழக்கத்துக்குக் கைதட்டும் முன்னர் கடைசி வரியைப் படியுங்கள். எழுந்து நின்று, "அந்த அம்மையாரின் பெயர் என்ன?" என்று மேடையை நோக்கிக் கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்!