யுவராணியின் முளைப்பாரி

“முளைச்சிருச்சா?”

முளைப்பாரிச் சட்டிகள் இருந்த இருட்டறைக்கு வெளியே நின்று முனீஸ்வரன் மறுபடியும் கேட்டான். காலையிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“ஆம்பளைக இங்கன வரக் கூடாது, போங்க” என்று உள்ளேயிருந்து விரட்டிய அவன் மனைவி யுவராணி, கொஞ்ச நேரத்தில் அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

“கடைப் பயறு போட்டவளுக சட்டியெல்லாம் பச்சையா நிக்குது. என் சட்டி மட்டும் வெறும் மண்ணாக் கெடக்கு. என்ன சாமி குத்தமோ.”

“தகரக் கொட்டகை மூட்டையிலதான எடுத்த?”

“ஆமா. நம்ம ஊரு சோளமாச்சேன்னு போட்டேன்.”

அவன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

“சாமி குத்தமில்ல. இந்த வருச வெயிலுக்குத் தகரத்துக்கு அடியில விதை வெந்துபோச்சு.”

“போகட்டும், வேற சோளம் வாங்கிப் போட்டுக்கலாம். அதுக்கு ஏன் இப்படிப் பதறுறீக?”

“வெளி விதையே வேணாம்னு ஊர் கூடி என்கிட்டக் குடுத்து வச்ச பொது விதை அது. போன வாரம் ஊரே அதைத்தான் வாங்கிட்டுப் போயி புழுதியில விதைச்சிருக்கு. மழைக்குத்தான் காத்துக்கிட்டிருக்காக.”

வெளியே சடசடவென்று மழை இறங்கியது. தெருவெல்லாம் பெண்கள் குலவை போட்டார்கள்.