ஆல்டோவின் லைசென்ஸ்

“கூரை போட்ட அந்தக் கிழவனுக்கு இனிமே ஒரு சென்ட் கூடக் குடுக்காதே!”

கதவைத் திறந்ததும் திறக்காததுமாக இப்படிச் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்த பெண்மணியை லொரெட்டா அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் வாட்டர்பரி ஊருக்குக் குடிவந்தே மூன்று மாதம்தான். பெயர் கிராசியாவாம், மேட்டுத் தெருவாம். கையில் ஒரு தட்டு சோம்பு பிஸ்கட். கேட்காத சங்கதியையும் வீடு தேடி வந்து கொடுக்கும் ரகம். லொரெட்டா காபி வைத்தாள். வம்பு யாருக்குத்தான் கசக்கும்?

“ஆல்டோவுக்கா? பாதிப் பணம் பாக்கி இருக்கே. சாயந்திரம் வர்றார். செக் எழுதி வச்சிருக்கேன்.”

“கிழிச்சுப் போடு. அவனுக்கு லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாதவன் வீட்டு வேலைக்குப் போட்ட ஒப்பந்தம் நம்ம கனெக்டிகட் மாநிலத்துல செல்லாதும்மா. கோர்ட்டுக்குப் போனாலும் ஜட்ஜ் அவனைத்தான் விரட்டுவார்.”

“அவர் வேன்ல லைசென்ஸ் நம்பர் கொட்டை எழுத்துல இருக்கே?”

“இந்த வருஷம் புதுப்பிக்கல. அது அந்த மக்குக்கே தெரியாது!”

மிச்சமாகும் பணத்தில் லொரெட்டா மனதுக்குள் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டி முடித்துவிட்டாள். உடனே வெட்கமாகவும் இருந்தது.

“பாவங்க. எழுபதைத் தாண்டின மனுஷன். ஏணியில ஏறும்போதே கால் நடுங்குது. போன வாரம் கூரையில சறுக்கி, ஓரத்துல மழைத்தண்ணி ஓடுற தகரத்தைப் பிடிச்சுத் தொங்கினார். நான் அலறுறேன், அவர் சிரிக்கிறார்!”

கிராசியாவின் கையில் பிஸ்கட் நொறுங்கியது.

“தொங்கினானா?”

“யார்கிட்டயும் சொல்லாதேன்னு கெஞ்சினார். அவரைப் போய் எப்படிங்க வெறுங்கையோட அனுப்புறது?”

“வெறுங்கையோடதான் அனுப்பணும். குடுத்தா, நாளைக்கே அடுத்த கூரையில நிப்பான். ஒரு தடவை இப்படி அடி வாங்கினாத்தான் தொழிலை விடுவான்.”

லொரெட்டாவுக்குச் சுருக்கென்றது. “அவர் மேல உங்களுக்கு என்னங்க அவ்வளவு கோபம்? அவருக்கே தெரியாத லைசென்ஸ் விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கிராசியா மேஜையில் சிந்திய தூளைக் கையால் கூட்டி எடுத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எங்களுக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து வருஷா வருஷம் அதைப் புதுப்பிச்சுக் குடுக்கிறது நான்தான். இந்த வருஷம் வேணும்னே விட்டுட்டேன்மா. எனக்கு அவர் தரையில, உசுரோட வேணும்.”