சுட்ட கைக்கு யார்?

தோசைக்கல்லின் விளிம்பு தேன்மலரின் கையைச் சுட்டுவிட்டது. எட்டாம் வகுப்புப் பெண். அலறிக்கொண்டே அடுப்பை அணைத்தாள்.

"என்கிட்ட வா கண்ணு!" என்றது பாத்திரத்தில் இருந்த மாவு. "இந்த வீட்டுல எத்தனை சுட்ட கையைப் பார்த்திருக்கேன்! அள்ளி அப்பு, ஜில்லுனு இருக்கும்."

"மாவெல்லாம் பழைய கதை," என்றது ஜன்னலில் கிடந்த பல் தேய்க்கும் பேஸ்ட். "இப்போ எல்லாரும் என்னைத்தான் பிதுக்குறாங்க."

"இங்கே வா," என்றது குழாய்.

மாவும் பேஸ்ட்டும் சேர்ந்தே பதறின. "ஐயையோ, தண்ணி பட்டா கொப்பளிச்சிடும்!"

"இதைச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷம் என்னை மூடி வச்சீங்க," என்றது குழாய்.

சுட்ட இடத்தை இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும் என்று போன வாரம் பள்ளிக்கு வந்த நர்ஸ் சொன்னது தேன்மலருக்கு ஞாபகம் வந்தது. நேராகப் போய்க் குழாயைத் திறந்து கையை நீட்டினாள்.

பத்து நிமிடம் போனது. மாடியிலிருந்து தொட்டி குரல் கொடுத்தது: "போதும்ப்பா, எனக்கு அடி தட்டுது."

"இருபது நிமிஷம்னு சொல்லியிருக்காங்க. நூல் மாதிரியாவது விடு," என்றது குழாய்.

தண்ணீர் நூலாக இறங்கியது. தேன்மலர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுக்காமல் நின்றாள். இருபதாவது நிமிடத்தில் எரிச்சல் அடங்கியிருந்தது.

மாவுக்கு மனசு கேட்கவில்லை. "அப்போ நான் எதுக்குத்தான் இருக்கேன்?"

"தோசைக்கு," என்றது குழாய். "பிள்ளை இன்னும் சாப்பிடலை."