அனுமதியோடு போனவன்

பல்கலைக்கழக ஆட்சிக்குழுக் கூட்டத்தில் முதலில் அந்த வழக்கைத்தான் எடுத்தார்கள். வேதியியல் ஆய்வகத்தில் நச்சுப்புகையில் மூச்சடைத்து இறந்துபோன ஆராய்ச்சி மாணவன் ஜெரினின் அப்பா நீதிமன்றம் போயிருந்தார். புகையை வெளியே இழுக்கும் கருவியை வாங்க விடாமல், விலை அதிகம் என்று இரண்டு முறை தள்ளிவைத்தது இதே குழுதான்.

"லீவு நாள்ல அனுமதி இல்லாம உள்ள போயிட்டான்னு பதில் போட்டுருவோம். கேஸ் நிக்காது," என்றார் வழக்கறிஞர்.

எல்லோரும் தலையாட்டினார்கள். குழுவில் ஒருவரான பேராசிரியை தமயந்தி மட்டும் ஆட்டவில்லை. ஜெரினுக்கு ஆய்வு வழிகாட்டி அவர்தான்.

"நான்தான் போகச் சொன்னேன். நிதி குடுத்தவங்க ரிசல்ட் கேட்டு நெருக்குறாங்க, இன்னைக்கே முடிச்சிடுன்னு சொன்னேன். அதை எழுதிக்கங்க."

"மேடம், கேஸ் உங்க மேல திரும்பும்," என்றார் துணைவேந்தர், தணிந்த குரலில்.

"திரும்பட்டும் சார்."

துணைவேந்தர் அடுத்ததாகக் கொள்முதல் பட்டியலை எடுத்தார். புகை இழுக்கும் கருவிக்கு உடனே ஒப்புதல் கிடைத்தது. இந்தமுறை ஒருவரும் விலையைக் கேட்கவில்லை.

குழுவின் முடிவைத் தெரிந்துகொள்ள ஜெரினின் அப்பா சூசைமாணிக்கம் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். உள்ளே தான் சொன்னதை எதையும் ஒளிக்காமல் தமயந்தி அவரிடமும் சொன்னார். சூசைமாணிக்கம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அவன் ஏதாவது சாப்பிட்டானா டீச்சர்?"

தமயந்திக்கு அது தெரியாது. நின்றுகொண்டே இருந்தார்.

சூசைமாணிக்கம் சற்று நகர்ந்து, பெஞ்சில் இடம் விட்டார்.