மூத்த மருமகளின் கேக்

மெழுகுவத்திக் கடைக்குப் பின்னால் பதுங்கி நின்ற மூத்த மருமகள், முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக் கொண்டாள். கிறிஸ்துமஸ் சந்தையில் எல்லாரும் பரிசும் பலகாரமும் வாங்கிக் கொண்டிருக்க, இவள் மட்டும் ஆள் பிடிக்க வந்திருந்தாள்.

ஆள் வேறு யாருமில்லை, அவள் ஓரகத்திதான். 'இந்த வருஷம் கேக் நான் சுட்டுக் கொண்டு வர்றேன்' என்று போன வாரம் குடும்பக் குரூப்பில் போட்டிருந்தாள் அந்தச் சின்னவள்.

ஆறு வருஷமாகப் பண்டிகை மேசையின் நடுவில் உட்காருவது மூத்தவள் கொண்டுபோகும் கேக்தான். "கைப்பக்குவம்னா இது" என்று மாமியார் நாலு பேர் முன்னால் சொல்லும் அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடந்தாள். அதில் நேற்று வந்தவள் மண்ணள்ளிப் போடுவதா? அவளாவது சுடுவதாவது, கடையில்தான் வாங்குவாள்; கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான்!

சின்னவளை அவளுக்கு எப்போதுமே ஆகாது. போன வருஷம் கேக்கின் அடி லேசாகத் தீய்ந்திருந்தது. மற்ற யாரும் கவனிக்கவில்லை. சின்னவள் மட்டும் ஒரு வாய் தின்றதும் முகம் சுண்டிப்போய் எழுந்துவிட்டாள். கொழுப்புதானே அது?

அதோ, வந்துவிட்டாள்! கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே மூலையிலிருந்த கேக் கடைக்குப் போனாள் சின்னவள். மூத்தவளும் பின்னாலேயே போனாள். "வாங்கக்கா" என்று வாயெடுத்த கடைக்காரரை உதட்டில் விரல் வைத்து அடக்கினாள்.

சின்னவள் திரும்பியபோது அவள் கையில் ஒரு கேக் பெட்டி. இது போதுமே! மூத்தவள் மாமியாருக்கு வீடியோ கால் போட்டு, போனை உயர்த்திப் பிடித்தாள்.

"அத்தை, நல்லாப் பாருங்க, உங்க சின்ன மருமக கேக் சுடுற லட்சணத்தை! கடையில வாங்கிட்டு நம்ம எல்லார் காதுலயும் பூ சுத்தப் பாக்குறா!"

"அக்கா, மெதுவா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்! வாங்கின கேக்கைச் சுட்டதா சொல்ல எப்படிடி நாக்கு வருது? வெட்கமா இல்ல?"

"என்னடி இதெல்லாம்?" என்று போனுக்குள்ளிருந்து மாமியார் அலறினார். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"யாருங்க வாங்குனது? இந்தக் கடையில இருக்கற கேக் எல்லாமே இந்தம்மா சுட்டதுதான். கடை போட்ட நாள்லேர்ந்து இவங்க சரக்குதான். காலையில பெட்டி இறக்கிட்டு, இப்ப கணக்குப் பாக்கத்தான் வந்தாங்க."

மூத்தவளுக்குக் கையிலிருந்த போனை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. மாமியார் அதில் கண் கொட்டாமல் பார்த்துக் கொண்டிருந்தார்.

சின்னவள் நிதானமாகப் பெட்டியை நீட்டினாள்.

"இந்தாங்கக்கா, நீங்க வருஷா வருஷம் இங்க வாங்குற ரெண்டு கிலோ. இந்தத் தடவை அடி தீயல."