பட்டுப் பிரிவில் இரண்டு பேர்

"ஏலே சஜின், வாயத் தொறந்து சொல்லு. நாளைக்கு எனக்க கூட வருவியா, மாட்டியா?"

கேட்டுவிட்டு முத்துக்கனி, விரிந்து கிடந்த பட்டுச்சேலையின் ஒரு முனையை எடுத்தாள். மறுமுனையைச் சஜின் பிடித்தான். கல்யாண வீட்டுக்காரர்கள் அலமாரியையே காலி செய்யவைத்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல் அப்போதுதான் இறங்கிப் போயிருந்தார்கள்.

கோட்டாற்றில் உள்ள அந்த ஜவுளிக்கடையின் மாடியில், பட்டுப் பிரிவுக்கு அவர்கள் இருவர்தான். ஒரே வேலை. விரிப்பது, சிரிப்பது, மடிப்பது. சில நாள் ஒருவருக்குச் சிரிப்பு வராவிட்டால் மற்றவர் சேர்த்துச் சிரிப்பார்.

"என்னைய என்னத்துக்கு அக்கா இழுக்கிய?"

"பின்ன யார இழுக்க? ஒரே வேலைக்கு ஆளுக்கு ஆள் வேற சம்பளம் குடுக்கப்பிடாதுன்னு சட்டம் கொண்டுவரப் போறாவளாம். நாளைக்கு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல அதுக்குக் கருத்துக் கேக்குத கூட்டம். எனக்குக் கம்மின்னு நான் எழும்பிச் சொன்னா, யாரவிடக் கம்மின்னு கேப்பாவ இல்லியா? நீ பக்கத்துல நிக்கணும்."

"எனக்க சம்பளத்த நான் யாருட்டயும் சொன்னதில்ல."

"சொல்லாட்டா தெரியாதோ? ஆம்பிளைக்குக் கூடுதல், பொம்பிளைக்குக் கம்மி. கீழ பில் போடுத ஷைஜாகூடச் சொல்லுவா."

கடையில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒருவர் சம்பளம் இன்னொருவருக்குத் தெரியக்கூடாது என்பது முதலாளி குமாரதாஸின் சட்டம். ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, கவரில் ஒட்டித்தான் கொடுப்பார். சம்பள நாளன்று மட்டும் பெண்கள் சஜினைச் சூழ்ந்துகொள்வார்கள். "ஆம்பிளைச் சம்பளக்காரா, டீ வாங்கித் தாலே!" சஜின் சிரிப்பான். பல மாதம் வாங்கியும் கொடுத்திருக்கிறான்.

"நீங்க போங்க அக்கா. எனக்க பேர மட்டும் சொல்லாதிங்க."

"பயமாக்கும்? கூடுதலா வாறது கையவிட்டுப் போயிரும்னு?"

"அப்பிடி இல்ல."

"பின்ன எப்பிடி?"

சஜின் சேலையின் கரையை விரலால் நீவிக்கொண்டே நின்றான். கீழே தெருவில் யாரோ நெடுநேரமாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்க மவளுக்கு காலேஜ்ல சீட்டு கெடச்சிருக்கு. அதுக்குத்தான் கெடந்து அடிக்கேன். நீ ஒத்த ஆளு, கூடுதலா வாங்கி என்ன செய்யப்போற?"

அவன் நீவிய கரையையே திரும்பவும் நீவினான்.

"நீயும் ஒரு ஆம்பிளைன்னு மீச வச்சிட்டு நடக்கிய!"

சொன்ன பிறகு முத்துக்கனிக்கே ஒருமாதிரி இருந்தது. ஆனால் அதைத் திரும்ப எடுக்கத் தெரியவில்லை. சேலையை அவன் கையிலேயே விட்டுவிட்டு விலகினாள்.

"செரி, நீ வராண்டாம். நான் முதலாளிட்டயே கேக்கேன். அவரே தந்துட்டா கூட்டத்துக்குப் போகவும் வேண்டாம்."

"அக்கா, வேண்டாம்." அவன் குரல் சட்டென்று உயர்ந்தது. "அவருட்ட மட்டும் கேக்காதிங்க."

அவள் அதற்குள் படியில் இறங்கியிருந்தாள்.

கீழே தன் அறையில் குமாரதாஸ் நிமிர்ந்து பார்த்தார். "வா மக்கா. பிள்ளைக்கு சீட்டு கெடச்சுதாமே?"

"கெடச்சுது முதலாளி. ஒரு காரியம் கேக்கணும்."

"கேளு."

"சஜினுக்குப் போடுதத எனக்கும் போடணும். ரெண்டு பேருக்கும் ஒரே வேலதானே? இல்லேன்னா நாளைக்குக் கூட்டத்துல எழும்பிச் சொல்லிருவேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். அவர் கோபப்படவில்லை.

"அந்தக் கதவச் சாத்து" என்றார்.

அவள் மாடிக்குத் திரும்பியபோது சேலைகளையெல்லாம் சஜின் தனியாகவே மடித்து முடித்திருந்தான். அவளைக் கண்டதும் முன்னால் வந்தான்.

"அக்கா, நான் யோசிச்சேன். நாளைக்கு நானும் வாறேன். எனக்க சம்பளம் எவ்வளவுன்னு எல்லாரு முன்னாலயும் நானே சொல்லுதேன். இனி என்ன வெக்கம்?"

இதைக் கேட்பதற்காக ஒரு வாரமாக அவள் அவனிடம் கெஞ்சியிருக்கிறாள். இப்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அலமாரிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே நேராக இருந்த சேலைகளை நேராக்கினாள்.

"போக வேண்டாம் மக்கா" என்றாள் கடைசியில். "நாளைக்கு லீவு கெடையாதுன்னுட்டாரு."

"வேற ஒண்ணும் சொல்லல்லியா?"

"இல்ல."

லீவைப் பற்றிக் குமாரதாஸ் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. கதவைச் சாத்தியதும் குரலைத் தாழ்த்தி அவர் சொன்னது இவ்வளவுதான்: "அவனுக்கு உன்னவிட எவ்வளவோ கம்மில்லா பிள்ளே. நீ நம்ம ஆளு... அவன் வேற ஆளுல்லியா?"