முதலில் விஷயம்

ஐலாவுக்குக் கண் தெரியாது. கணினி வாசிப்பதைக் காதால் கேட்டுத்தான் வேலை பார்ப்பாள். அவள் வேலை பார்த்த ஹெல்சிங்கி நகராட்சியின் இணையதளத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், தலைப்பு 'வரவேற்கிறோம்' என்றே ஒலிக்கும். எது குடிநீர்ப் பக்கம், எது கல்லறைப் பக்கம் என்று ஒவ்வொன்றாக உள்ளே போய்த் துழாவ வேண்டும்.

மாற்றச் சொல்லி மன்றாடும்போதெல்லாம் மேலாளர் யோர்மா, "தலைப்பை யாரு பாக்குறா?" என்று காபியை உறிஞ்சிக்கொண்டே போய்விடுவார்.

அவரே இன்று ஏலக்காய் பன்னோடு வந்து நின்றார்.

"ஐலா, ஒரு பக்கத்துக்குத் தலைப்பு வைக்கணும். எப்படி வைக்கிறது?"

"அட! ஹெல்சிங்கியில ஜூலை மாசக் கோடையில பனி கொட்டப்போகுது!"

"கிண்டல் வேண்டாம். நகராட்சி பேரு முதல்ல வரணுமா?"

"அது கடைசியில. முதல்ல விஷயம்."

"யாரைப் பத்தினதுன்னு எங்க வரும்?"

"அடுத்ததா ஆள் பேரு. தலைப்பைக் கேட்டதுமே புரிஞ்சிடணும். மீதியை வாசிக்கவே வேண்டாம்."

"கொஞ்சம் கடுமையா இருக்குமே?"

"இருக்கட்டும் யோர்மா. பூசி மெழுகினா எங்க காதுல ஏறாது."

அவர் பன்னை அவள் கையருகே வைத்துவிட்டுப் போனார். கல்லும் கரைந்துவிட்டதே என்று ஐலாவுக்குச் சிரிப்பு வந்தது. பன்னைப் பிய்த்து வாயில் போட்டபடி, சற்று நேரத்தில் அவர் அனுப்பிய இணைப்பை அழுத்தினாள்.

கணினி எப்போதும்போல உணர்ச்சியில்லாமல் தலைப்பை வாசித்தது.

"பணிநீக்கம். ஐலா ரந்தாலா. நகராட்சி."

மீதியை வாசிக்க வேண்டியிருக்கவில்லை.